பேர் சொல்லாத ஜெபக்குறிப்பு

திங்கட்கிழமை காலையில் கம்பெனி ஆபீசில் உறுதிமொழி வாசிக்க வேண்டுமென்றால் புஷ்பபாயை விட்டால் வேறு ஆள் கிடையாது.

ஆபீஸ் பாறசாலை ஸ்டேஷன் ரோட்டில், ஒரு பெயிண்டுக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. வீடு வீடாகப் போய்ப் புண் கழுவிக் கட்டுவது, ஊசி போடுவது, கிடப்பில் ஆனவர்களைக் குளிப்பாட்டிவிடுவது, இதுதான் கம்பெனியின் தொழில். மாடி ஏறினதும் எதிர்ச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் அந்த உறுதிமொழி தொங்கும். மேலே மலையாளம், கீழே தமிழ். மனித உரிமையை மதிப்போம் என்று தலைப்பு. மற்றவர்கள் வாசித்தால் ரேஷன் கடையில் பேர் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். புஷ்பபாய் வாசித்தால் அந்தச் சின்ன மாடியே கோயிலாகிப் போகும். கல்யாணமாகி வந்த நாள் முதல் பலாவிளைச் சபையில் வேதபாடம் வாசிக்கிற தொண்டையல்லவா!

"நாம் கவனிக்கிற ஒவ்வொருவரும் நம்மைப் போல மனிதர். அவர்களுக்கு மரியாதை கொடுப்பது நம்முடைய தயவு அல்ல, அவர்களுடைய உரிமை. அவர்கள் உடம்பைப் பற்றி நமக்குத் தெரிய வந்தது எதுவும் அவர்கள் சம்மதமில்லாமல் நம்மைத் தாண்டிப் போகாது."

இந்தக் கடைசி வரி வரும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்துவாள். எங்கே தாழ்த்த வேண்டும், எங்கே உயர்த்த வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். சூப்பர்வைசர் அஸ்வதி நெய்யாற்றின்கரைக்காரி, நர்சிங் படித்தவள், புஷ்பபாயின் மகள் ஜோஸ்னாவின் வயசு. "சேச்சி வாயிச்சால் கேட்டோண்டு நிக்கான் தோணும்" என்பாள், கேட்டுக்கொண்டே நிற்கத் தோன்றுமாம். அதைக் கேட்டு புஷ்பபாய் உள்ளுக்குள் பூரித்துப்போவாள். அதே வாயால்தான் பொன்னையனின் பிழைப்பில் மண் விழப்போகிறது என்று அப்போது யார் கண்டது?

பொன்னையனைத் தெரியாதவர்கள் பாறசாலைக்கும் வெள்ளறடைக்கும் இடையில் இருந்தால், அவர்கள் எந்தக் கல்யாணப் பந்தியிலும் உட்காராதவர்களாக இருக்க வேண்டும். சமையல்தான் அவருக்குப் பிழைப்பு, பேச்சு, பெருமை எல்லாம். அம்பலத்து அன்னதானம், கல்யாணம், சாவு அடியந்திரம், எதுவானாலும் அவரைத்தான் தேடி வருவார்கள். பலாவிளைச் சபையின் பிரதிஷ்டைப் பண்டிகை அசனமும் அவர் கைதான். அசனம் என்றால் சபைக்காரன், அம்பலத்துக்காரன் என்று பார்க்காமல் ஊர் மொத்தமும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிற சாப்பாடு. கூட வருகிறவர்கள் அரிவார்கள், அரைப்பார்கள், கிளறுவார்கள். உப்பு மட்டும் அவர்தான் போட வேண்டும். கரண்டியெல்லாம் கிடையாது. ஆவியை ஒரு தடவை மோந்து பார்ப்பார், உப்புச் சாக்குக்குள் கையை விட்டு அள்ளுவார், பெரிய வார்ப்புக்குள் வீசுவார். நாக்கில் வைத்துப் பார்க்கிற வழக்கமே இல்லை.

அப்படிப்பட்ட மனுஷனுக்கு வைகாசியில் குடலில் அடைப்பு வந்தது. திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோய் வயிற்றைக் கீறி, இடப்பக்கம் ஒரு துளை போட்டுக் குடலின் நுனியை வெளியே எடுத்து வைத்து, அதன்மேல் ஒரு பையை ஒட்டி அனுப்பினார்கள். மலம் அந்தப் பையில்தான் வந்து விழும். சில மாதம் கழித்து உள்ளே வைத்துத் தைத்துவிடலாம் என்றார் டாக்டர். அதுவரைக்கும் பைதான். வயிற்றில் ஒரு ஓப்பரேஷன் என்கிற அளவுக்குத்தான் ஊருக்குத் தெரியும். உலகத்துக்கெல்லாம் மணக்க மணக்க ஆக்கிப் போட்டவனுக்கு இப்படியொரு நாற்றம் சொந்த இடுப்பில் வந்து ஒட்டிக்கொண்டதே என்று அவர் மறுகுவது அவருக்கும், பெண்டாட்டி ஸ்ரீகுமாரிக்கும், கம்பெனியிலிருந்து வருகிற புஷ்பபாய்க்கும் மட்டும்தான் தெரியும்.

முதல் நாளே அவர் சொல்லிவிட்டார். "பிள்ளே, இது நம்ம மூணு பேருக்க எடையில நிக்கணும் கேட்டியா. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

"கம்பெனிக்க நிபந்தனையே அதாக்கும் அண்ணா. நாங்க வாயத் தொறக்க மாட்டோம்."

வாரத்துக்கு இரண்டு தடவை பை மாற்ற வேண்டும். பழைய பையை மெதுவாக உரித்தெடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்து, ஈரம் போக ஒற்றி, புதுப் பையின் வாயை அளவு பார்த்து வெட்டி ஒட்டுவாள். ஒட்டினபிறகு உள்ளங்கையை அதன்மேல் கொஞ்ச நேரம் வைத்திருக்க வேண்டும். கைச்சூட்டில்தான் பசை பிடிக்கும். அந்த நேரம் முழுக்கப் பொன்னையன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். எங்கோ பெருங்காயம் கருகினாலே கண்டுபிடிக்கிற மூக்கு அது. அதை வைத்துக்கொண்டு அவர் எங்கே போவார், பாவம்!

புஷ்பபாய் பேச்சுக் கொடுப்பாள். "அண்ணா, அவியலுக்கு நீங்க தயிரா விடுவீங்க, மாங்காயா?"

"மாங்கா கெடச்சா மாங்கா. தயிரு விட்டா அண்ணைக்கே தீக்கணும்" என்று சுவரிடம் பதில் சொல்வார்.

"நான் வச்சா வெள்ளம் ஊறிப்போவுது அண்ணா."

"மூடி வச்சு வேவிக்கப்பிடாது பிள்ளே. காய்க்க வெள்ளமே போதும்." அதற்குள் பசை பிடித்திருக்கும். சட்டையை இழுத்துவிட்டு, அதற்கு மேல் தோர்த்துத் துண்டை இடப்பக்கமாகத் தொங்கவிட்டுக்கொண்டு எழுந்திருப்பார். யாராவது படி ஏறி வந்தால் கை தானாகப் போய் அந்தத் தோர்த்தை இழுத்து மூடும். ஸ்ரீகுமாரி கட்டன்சாயாவும் அவித்த மரச்சீனிக்கிழங்கும் சம்மந்தித் துவையலும் கொண்டுவந்து வைப்பாள். தின்னாமல் புஷ்பபாயை விடமாட்டாள்.

ஐப்பசியில் துலா மழை தொடங்கியது. உச்சி சாய்ந்தால் இடி, அப்புறம் மழை. பண்டிகை நெருங்க, சபையிலிருந்து ராஜையா வந்து அசனத்துக்குச் சொல்லிவிட்டுப் போனார். ராஜையாதான் அசனக் கமிட்டியின் பொறுப்பு. பொன்னையன் மறுக்கவில்லை. அன்றைக்குப் பை மாற்றும்போது அவர் முகம் சுவர்ப்பக்கம் போகவே இல்லை.

"நான் ஒண்ணையும் தூக்க மாட்டேன் பிள்ளே. ஒரு ஸ்டூல போட்டு அடுப்புக்க பக்கத்தில இருப்பேன். கூட வாற பயக்க செய்வானுவ. உப்பு மட்டும் நான் போடுவேன்."

"டாக்டர்ட்ட கேட்டியளா?"

"கேட்டேன். தூக்காம இருந்தா போரும்னு சொன்னாரு. எத்தற மாசமாச்சு தெரியுமா நான் ஒரு அடுப்பக் கண்டு!"

புஷ்பபாய்க்குச் சந்தோஷம்தான். ஆனால் வீட்டுக்கு நடந்து வரும்போதே பயம் பிடித்துக்கொண்டது. விறகடுப்பின் சூட்டில், வியர்வையில் அந்தப் பசை இளகிப்போனால்? பந்தி நடக்கிற நேரத்தில், ஆள்கூட்டத்துக்கு நடுவில் பை விட்டுப்போனால்? இந்தப் பயத்தைப் பொன்னையனிடம் சொல்லியிருக்கலாம், அஸ்வதியிடம் கேட்டிருக்கலாம். அதற்கென்று இடுப்பில் கட்டுகிற பெல்ட்டே இருக்கிறது. அவள் கொண்டுபோய் வைத்தது வேறு இடத்தில்.

அந்தப் புதன்கிழமை சபையின் பெண்கள் ஐக்கியத்தின் வீட்டு ஜெபம் அவள் வீட்டில். முன்னறையில் பாய் விரித்து நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பின்பக்கம் ஷெட்டில் புருஷன் ஜெயதாஸ் காலையில் வெட்டின ரப்பர்ப் பாலை ரோலரில் கொடுத்து ஷீட் அடித்துக்கொண்டிருந்தான். பாட்டு முடிந்து, வசனம் முடிந்து, ஐக்கியத் தலைவி ஞானபாய் கேட்டாள்.

"ஜெபக்குறிப்பு உள்ளவங்க சொல்லுங்க."

ஒருத்திக்கு மகன் விசா. ஒருத்தியின் மருமகளுக்குக் கர்ப்பம் தங்கவில்லை. எல்லாவற்றுக்கும் எல்லோரும் 'ஸ்தோத்திரம்' என்றார்கள். புஷ்பபாயின் முறை வந்தது.

"பேரு சொல்லண்டாம், கர்த்தருக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணன். கொடல வயத்துக்கு வெளிய எடுத்து வச்சிருக்கு. வெளிக்குப் போறதெல்லாம் வயத்தில ஒட்டின பையிலயாக்கும். ஊருக்கெல்லாம் சோறு போடுத கையி அது. அந்தப் பாவப்பட்ட மனுசன் நல்ல காரியத்துக்கு அடுப்புக்க முன்ன நிக்கப் போறாரு. அந்தச் சூட்டில பை எளகிப்போவாம, மானக்கேடு வராம கர்த்தர் காக்கணும்."

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அந்தத் தொண்டையில் அழுகையும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா? பாய் முழுக்க மூக்குறிஞ்சும் சத்தம். ஞானபாய் நீளமாக ஜெபித்தாள். பிறகு ஏத்தங்காய் அப்பம் தின்று, சாயாவும் குடித்துவிட்டு எல்லோரும் மழைக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்தார்கள். புஷ்பபாய்க்கு மனசு லேசாக இருந்தது. தலைச்சுமையை இறக்கி வைத்த நிம்மதியோடு தூங்கினாள்.

சனிக்கிழமை பை மாற்றப் போனபோது பொன்னையனின் வீட்டில் சத்தமே இல்லை. ஸ்ரீகுமாரி பின்படியில் உட்கார்ந்திருந்தாள். கண்ணும் மூக்கும் வீங்கியிருந்தது.

"என்னக்கா?"

"நேத்து ராஜையா வந்தாரு. அண்ணனுக்கு ஒடம்பு செரியில்லல்லா, இந்த வருசம் ஓய்வு எடுக்கட்டு, வேற ஆளு வச்சிருக்கோம்னு சொன்னாரு. அந்த மனுசனுக்க கண்ணு இவருக்க சட்டையில, எடப்பக்கத்தில நிக்குது புஷ்பம். மொகத்தப் பாக்கவே இல்ல. அடுத்த வீட்டுக்கு மீன்கறி கொடுத்துவிட்டேன், தட்டு மூடினபடியே திரும்பி வந்தாச்சு. அவங்களுக்கு விரதமாம். என்ன விரதம், ஐப்பசியில?"

ராஜையாவின் பெண்டாட்டி புதன்கிழமை தன் பாயில், சன்னலோரமாக உட்கார்ந்து மூக்கைச் சிந்தினது புஷ்பபாயின் கண் முன்னால் வந்தது.

"அது போவட்டு" என்றாள் ஸ்ரீகுமாரி. "இவரு என்னையாக்கும் சொல்லுதாரு. வியாழக்கிழமை எனக்க தங்கச்சி காஞ்சிரங்குளத்தில இருந்து வந்துட்டுப் போனா. அவகிட்ட நான் சொன்னேனாம். 'மூணு பேருக்குத் தெரியும், நான் சொல்லல்ல, புஷ்பபாயி கம்பெனியில சத்தியம் செய்த பிள்ள, பின்ன ஆரு, நீயில்லாம'ன்னு கேக்குதாரு. நேத்து மொதல் எனக்க மொகத்தப் பாக்கல்ல. பையைக் கழுவி விடக் கையப் பிடிச்சா தட்டிவிடுதாரு. எனக்க மக்க மேல சத்தியம் புஷ்பம், நான் ஒருத்திட்டயும் சொல்லல்ல. இத்தற வருசம் கூட இருந்தவள இப்பிடி நெனச்சாச்சே!"

அந்த இடத்தில் புஷ்பபாய் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஒரு வார்த்தை போதும். அவள் திறக்கவில்லை. உள்ளே போய், சுவரைப் பார்த்துக் கிடந்த பொன்னையனுக்குப் பை மாற்றினாள். உள்ளங்கையை வைத்துக்கொண்டு இருந்தபோது அவியல் பேச்சும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. வெளியே வந்ததும் அத்தனை அழுகையிலும் ஸ்ரீகுமாரி சாயா போட்டு வைத்திருந்தாள். "இனிப்பு போருமா?" என்று கேட்டாள்.

"போரும்க்கா" என்று சொல்லி, புஷ்பபாய் அதைக் குடித்தாள். அறிந்தேதான் குடித்தாள்.

அன்று சாயங்காலமே ஸ்ரீகுமாரி ஒரு காரியம் செய்தாள். கம்பெனி கொடுத்த அட்டை ஒன்று அடுக்களைக் கதவில் ஒட்டியிருந்தது. குறை ஏதும் இருந்தால் பயப்படாமல் கூப்பிடுங்கள் என்று அதில் ஒரு நம்பர். அவள் கூப்பிட்டாள். புஷ்பபாயைப் பற்றிக் குறை சொல்ல அல்ல. தான் சொல்லவில்லை என்பதை யாராவது விசாரித்துத் தன் புருஷனிடம் சொல்லட்டும் என்றுதான்.

திங்கட்கிழமை உறுதிமொழி வாசிக்கும்போது கடைசி வரிக்கு முன்னால் புஷ்பபாய் நிறுத்திவிட்டாள். தண்ணீர் குடித்துவிட்டு வாசித்து முடித்தாள். சளிப்பிடித்திருக்கிறது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். மத்தியானம் அஸ்வதி அவளைக் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் பொன்னையன் வீட்டுக்கு வந்தாள்.

கம்பெனியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சுவரில் மாட்டினது சுவரோடு போகட்டும் என்று விடுகிற கம்பெனியில்லை அது. அஸ்வதி படியேறினதும் "உள்ள வரட்டே?" என்று கேட்டுக் காத்து நின்றாள். உட்கார்ந்ததும் முதல் பேச்சு மன்னிப்புத்தான். பாதி மலையாளமும் பாதித் தமிழுமாகச் சொன்னாள். "அண்ணா, ஞங்ஙளுடே பக்கத்திலிருந்து இது வெளிய போயிருந்தா அது பெரிய தெற்று, பெரிய தப்பு. உங்களுக்க உரிமைய நாங்க காக்கல்லன்னு அர்த்தம். கம்பெனி என்ன செய்யணும்னு நீங்க சொல்லுங்க."

பொன்னையன் தோர்த்தை இழுத்து இடப்பக்கத்தை மூடிக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணும் செய்யண்டாம் மோளே. ஆரு சொன்னதுன்னு அறியணும். எனக்க பெண்டாட்டியா, வேற ஆளான்னு அறியணும். அது மட்டும் போரும்."

ஸ்ரீகுமாரி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அஸ்வதி புஷ்பபாயின் பக்கம் திரும்பினாள்.

"சேச்சி, ஆரோடெங்கிலும் பறஞ்ஞோ?"

"நான் ஆருட்டயும் சொல்லல்ல" என்றாள் புஷ்பபாய்.

வாயிலிருந்து விழுந்த அந்த நொடியில் அது பொய் மாதிரி அவளுக்கே தோன்றவில்லை. அவள் மனுஷரிடம் சொல்லவில்லையே, ஜெபத்தில் அல்லவா சொன்னாள்! பொன்னையன் மெல்லத் தலையைத் திருப்பிப் பெண்டாட்டியைப் பார்த்தார். கதவைப் பிடித்திருந்த ஸ்ரீகுமாரியின் கை கீழே விழுந்தது. அந்தப் பார்வையைக் கண்ட பிறகு புஷ்பபாய்க்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மழை இறங்கிவிட்டது. ஜெயதாஸ் ஷீட்டை எல்லாம் உள்ளே எடுத்துப் போட்டுவிட்டு, கிழங்கும் சாளைக்கறியும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதிகம் பேசாத ஆள். ஒரு நாளைக்குப் பேச வேண்டியதை ரப்பர் மரத்தோடு பேசித் தீர்த்துவிடுவான் என்று ஜோஸ்னா கேலி செய்வாள். புஷ்பபாய் முன்னால் உட்கார்ந்தாள். ஒரு துண்டுக் கிழங்கைப் பிட்டாள், வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"பொன்னையண்ணன் வீட்டுக்கா போயிருந்தே?" என்று ஜெயதாஸ் கேட்டான்.

"ம்ம்."

"முக்கில எல்லாம் அதுதான் பேச்சு."

"நான் ஆருட்டயும் சொல்லல்ல, கேட்டியளா. ஜெபத்திலயாக்கும் சொன்னேன். பேருகூட சொல்லல்ல."

ஜெயதாஸ் கையிலிருந்த மீன்முள்ளைத் தட்டின் ஓரத்தில் வைத்தான்.

"அண்ணைக்கு நான் பொறத்த ஷீட்டு அடிச்சிட்டு நின்னேன். ரோலருக்க சத்தத்துக்கு மேல கேட்டுது. கேட்ட ஒடனே எனக்கு ஆளு மனசிலாச்சு."

"கர்த்தருட்ட அல்லா…"

"கர்த்தருக்குத் தெரியும்னு நீயே சொன்னே. தெரிஞ்ச ஆளுக்கு எதுக்கு அத்தற வெவரம்? கேட்டுட்டு இருந்தது ராஜையாவுக்க பெண்டாட்டியாக்கும்."

ஓட்டுமேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. புஷ்பபாய் யோசித்துப் பார்த்தாள். அந்தப் புதன்கிழமை அழுதது பொன்னையனுக்காகத்தானா? ஆமாம், அவருக்காகத்தான். ஆனால் பாய் முழுக்கத் தன்னோடு சேர்ந்து மூக்குறிஞ்சினபோது ஒரு இனிப்பு இருந்ததே, அதுவும் இருந்தது. நாணக்கேடாக இருந்தது அவளுக்கு. தன் தொண்டையையே பிடுங்கி எறிந்துவிடலாம் போல இருந்தது.

"சொன்னா சோலி போவும்" என்றாள்.

"போவட்டு."

"ஜோஸ்னாவுக்க படிப்பு?"

"நான் ரெண்டு தோட்டம் கூட வெட்டுதேன். எட்டீ, அந்தப் பொம்பள ஒனக்காக அங்க கெடந்து பழி வேங்குதா. அத வச்சிட்டு இந்தக் கெழங்கு எறங்குமா ஒனக்கு?"

கிழங்கு இறங்கவில்லை. தட்டை அப்படியே மூடிவைத்தாள்.

மறுநாள் காலையில் கம்பெனியின் நீலக் கோட்டைப் போட்டுக்கொள்ளாமல் போனாள். பொன்னையன் முன்னறையில் கட்டிலில் இருந்தார். ஸ்ரீகுமாரி முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தாள். 'அக்கா, உள்ள வாருங்க' என்று அவளைக் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டு, நின்ற நிலையிலேயே சொன்னாள்.

"அண்ணா, அது நானாக்கும்."

"எது?"

"வெளிய சொன்னது. அக்கா இல்ல. அக்காவுக்க தங்கச்சியும் இல்ல. நான். எனக்க வீட்டு ஜெபத்தில சொன்னேன்."

பொன்னையன் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு கேட்டார். "என்னன்னு சொன்னே?"

"ஜெபிக்கணும்னு…"

"அது இல்ல. சொன்னது சொன்னபடி சொல்லு."

சொல்ல வேண்டியதாயிற்று. சபையையும் ஆபீசையும் நிறைத்த தொண்டையிலிருந்து காற்றுத்தான் வந்தது. கொடல வயத்துக்கு வெளிய எடுத்து வச்சிருக்கு. வெளிக்குப் போறதெல்லாம் பையில. ஊருக்கெல்லாம் சோறு போடுத கையி. ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவர் தோர்த்தைச் சுருட்டிச் சுருட்டிப் பிடித்தார். அவள் முடித்தபோது ஸ்ரீகுமாரி கையிலிருந்த துடைப்பம் தரையில் கிடந்தது.

"பேரு சொல்லல்ல, இல்லியா?"

"இல்லண்ணா."

"சொல்லியிருக்கலாம். அத்தறையும் சொன்னவளுக்குப் பேரு சொல்லதுக்கா நாணம்?"

"அடுப்புக்க சூட்டில எளகிருமோன்னு பயந்து போயி…"

"அந்தப் பயத்த எங்கிட்ட சொல்லணும் பிள்ளே. எனக்க வயறு இது. எனக்காக ஜெபிக்கச் சொல்லி நான் ஒன்கிட்ட கேட்டேனா? கேட்டிருந்தா நீ சொல்லலாம். நான் கேக்கல்ல." சத்தமே போடவில்லை அவர். சத்தம் போட்டிருந்தால் தேவலை. "நேத்து அந்த மோளு கேட்டப்பவும் இல்லன்னு சொன்னே. நான் குமாரியப் பாத்தேன். நீ அதப் பாத்துட்டு நின்னே."

அவர் பெண்டாட்டியின் பக்கம் திரும்பினார். இரண்டு தடவை தொண்டையைச் செருமினார்.

"குமாரி… சாயா இருக்கா?"

நாலைந்து நாளைக்குப் பிறகு அவளிடம் பேசின முதல் பேச்சு அது. ஸ்ரீகுமாரி உள்ளே போனாள். அடுக்களையில் பாத்திரம் உருண்டது, அழுகிற சத்தமும் கேட்டது. ஒரு கிளாசில் சாயா கொண்டுவந்து புருஷன் கையில் கொடுத்தாள். ஒரு கிளாஸ்தான்.

புஷ்பபாய் அங்கேயே நின்று, அவர்கள் கேட்கவே அஸ்வதிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். முடித்துப் படியிறங்கினபோது ஸ்ரீகுமாரி பின்னால் வந்தாள். சமாதானம் சொல்ல வருகிறாள் என்று புஷ்பபாயின் மனசு ஒரு கணம் ஆசைப்பட்டது. அந்த ஆசையைச் சொன்னால் வெட்கக்கேடு.

"சனிக்கிழமை இந்தப் படியில இருந்து கண்ணு வீங்க நான் கரஞ்சேன் இல்லியா" என்றாள் ஸ்ரீகுமாரி. "ஒனக்கு அப்பமே தெரியும்?"

"தெரியும்க்கா."

"இனிப்பு போருமான்னு நான் கேட்டேன்."

"ஆமக்கா."

"போரும்னு சொன்னே." அவ்வளவுதான். திரும்பி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கம்பெனியில் கூப்பிட்டு விசாரித்தார்கள். வேலை போகும் என்றுதான் புஷ்பபாய் போயிருந்தாள். போகவில்லை. வீடுகளுக்குப் போக வேண்டாம், ஸ்டோரில் பஞ்சும் பையும் அடுக்கிக்கொண்டு மறுபடி பயிற்சிக்கு வர வேண்டும் என்றார்கள். உறுதிமொழியை இனி வேறு ஆள் வாசிக்கும். அஸ்வதி அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "சேச்சியச் சோலியில இருந்து பறஞ்ஞு விடணுமான்னு அண்ணனிடம் கேட்டோம். 'அவளுக்க சோறு போவண்டாம், எனக்க கண்ணு முன்ன வராம இருந்தாப் போரும்'னு சொன்னாரு."

வேலை போயிருந்தால்கூட இவ்வளவு சுட்டிருக்காது. ஊர் அவர் கைச்சோற்றை வேண்டாம் என்று தள்ளிவைத்திருக்க, அவர் அவளுடைய சோற்றைக் காப்பாற்றிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அசனம் நடந்தது. வெள்ளறடையிலிருந்து வேறொரு ஆள் வந்து ஆக்கினான். பந்தியில் உட்கார்ந்த எல்லோருக்கும் சாம்பாரில் உப்பில்லை என்று தெரிந்தது. ஒருத்தரும் சொல்லவில்லை. இலை ஓரத்தில் தூள் உப்பு கேட்டு வாங்கிக்கொண்டு குனிந்து தின்றார்கள். புஷ்பபாய் உப்பும் கேட்கவில்லை.

அடுத்த புதன்கிழமை வீட்டு ஜெபம் ஞானபாய் வீட்டில். போகாமல் இருந்திருப்பாள். போகாவிட்டால் அதற்கும் ஒரு பேச்சு வரும் என்று போய், கதவோரமாக உட்கார்ந்தாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எல்லோரும் தன்மையாகச் சிரித்தார்கள். நகர்ந்து இடம் கொடுத்தார்கள். பாட்டும் வசனமும் முடிந்தது.

"ஜெபக்குறிப்பு உள்ளவங்க சொல்லுங்க" என்றாள் ஞானபாய்.

விசா வந்தவளின் ஸ்தோத்திரம் முதலில் வந்தது. அதற்குப் பிறகு ராஜையாவின் பெண்டாட்டி முட்டுக்காலிட்டு, தலையில் சேலையை இழுத்துப் போட்டுக்கொண்டாள். நல்ல மனசுக்காரிதான் அவளும். குரல் கரகரத்தது.

"பேரு சொல்லண்டாம், கர்த்தருக்குத் தெரியும். நம்ம எடையில ஒரு சகோதரி. ஆஸ்பத்திரி சோலியில ஒரு கம்பெனியிலயாக்கும். நாக்கினால ஒரு தப்பு வந்து போச்சு. சோலிய மாத்திட்டாங்க, வீட்டுக்குள்ள ஏத்தாம கதவச் சாத்திட்டாங்க. மகளுக்குப் படிப்பு உண்டு, புருசனுக்கு ரப்பரு வெட்டு. அந்தப் பாவப்பட்ட பிள்ளைக்கு மானக்கேடு மாறணும்."

"ஸ்தோத்திரம்" என்றார்கள் எல்லோரும். உண்மையாகவே இரங்கித்தான் சொன்னார்கள். யாரோ ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள்.

புஷ்பபாய் கண்ணைத் திறந்து பார்த்தாள். எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். மூடியபடியே அத்தனை முகமும் அவள் பக்கம் திரும்பியிருந்தது. அவளுடைய கை தானாகவே இடுப்புக்குப் போய், சேலைத் தலைப்பை இழுத்து, வயிற்றின் இடப்பக்கத்தை மூடிக்கொண்டது.

ஞானபாய் நீளமாக ஜெபித்து முடித்தாள். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். புஷ்பபாய் சொன்னாளா என்று பார்க்க இரண்டு பேர் கண்ணைத் திறந்தார்கள்.